துறையும் அந்நியப் போரும்: திருகோணமலையை முன்வைத்து எழுந்த விவாதங்கள், 1939–1958

வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கும் ஐப்பசி முதல் தை வரைக்கும், சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல்கள் அச்சமின்றி ஒதுங்கி நிற்கத்தக்க பெரிய துறை எதுவும் இருக்கவில்லை. சென்னை, புதுச்சேரி, நாகபட்டினம் ஆகியவை திறந்த கரைகளாக இருந்தமையால், கப்பல்கள் அலைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் படகேறித்தான் கரை சேர வேண்டியிருந்தது. புயற்காலம் நெருங்கியதும் அங்கிருந்த போர்க்கப்பல்கள் பம்பாய்க்குப் போய்விடும். அவை திரும்பி வரும்வரை கீழைக்கரை காவலின்றிக் கிடக்கும். இந்தக் குறையைத் தீர்க்கக் கூடிய ஒரே இடம், கொட்டியாரக் குடாவின் வடபுறத்தில் குன்றுகள் சூழ, எப் பருவத்திலும் அலையடங்கிய ஆழ நீரோடு அமைந்த திருகோணமலையின் உட்துறையாகும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர்பின் ஒருவராக வந்தவர்கள் இந்தத் துறைக்காகவே வந்தார்கள். கோணேசர் கோயில் இடிக்கப்பட்டு, அது நின்ற மலைமுனையில் 1624இல் கோட்டை எழுந்ததும் இதே காரணத்தினாலேயாகும்.

தொலைதேசத்தில் மூளும் போர் ஒன்றின் நோக்கம் என்ன, அதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று மக்கள் வாதிடுவது எந்த நாட்டிலும் நடக்கக் கூடியது. திருகோணமலையைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்கு வேறொரு தன்மை உண்டு. வெளியே நடக்கும் போரின் நோக்கங்களில் ஒன்றாக இத் துறையே இருந்தமையால், போர் எதற்காக என்ற கேள்வி இங்கே நிலத்தையும் நீரையும் தொட்டே எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போதும் 1956இன் சூயஸ் நெருக்கடியின்போதும் இலங்கையில் நிகழ்ந்த விவாதங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவ்விவாதங்களில் எதிரெதிராக நின்றவர்கள் பல விடயங்களில் முரண்பட்டாலும் ஒன்றில் ஒத்திருந்தார்கள்: எல்லாருடைய கண்ணிலும் துறை பட்டது, அதிலே வேலை செய்து பிழைத்த மனிதர்கள் பெரும்பாலும் படவில்லை.

இந்தக் கேள்வி முதன்முதலில் எழுந்தது 20ஆம் நூற்றாண்டில் அன்று. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானிய முடிக்கு எதிராக நடத்திய விடுதலைப் போரின்போது, அவற்றுடன் வணிகம் செய்த ஒல்லாந்தின்மீது பிரித்தானியா 1780 டிசெம்பரில் போர் அறிவித்தது. அதன் விளைவாக 1782 ஜனவரியில் பிரித்தானிய அட்மிரல் ஹியூஸ், ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலையைக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதைப் பறித்துக்கொள்ள, செப்டெம்பர் 3ஆம் நாள் இரு கடற்படைகளும் துறைக்கு வெளியே மோதின. அமெரிக்கர்களின் வரிப் பிணக்கு ஒன்றிலிருந்து வளர்ந்த போர், ஏழு கடல் தாண்டி இவ்வூரின் கோட்டைச் சுவரை வந்து தட்டிற்று. ஜனவரியில் துறையைக் கைப்பற்றிய கையோடு ஆங்கிலேயர், ஹியூ போய்ட் என்பவரைத் தூதராகக் கண்டிக்கு அனுப்பி, ஒல்லாந்தரை விரட்ட உதவி கேட்டார்கள். அப்போது ஆண்ட நாயக்கர் மரபினனான இராசாதிராசசிங்கன் இணங்கவில்லை. 1762இல் பைபஸ் என்ற ஆங்கிலத் தூதர் வந்து பேசிவிட்டுப் போனபின் ஒன்றும் நடக்காததை நினைவூட்டிய அரசவை, கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளோடு பேச விரும்பாமல், இங்கிலாந்து மன்னனே நேரடியாகத் தூதனுப்பட்டும் என்று விடையளித்தது. வருகிறவர்கள் யாருக்காக வருகிறார்கள் என்று கேட்கும் அறிவு அந்த அரசவைக்கு இருந்தது. திரும்பிப் போன போய்ட் கடலில் பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டார். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து துறையைப் பிடித்த பின், இருபது ஆண்டுகளுக்குள் கண்டி அரசே இல்லாமற் போயிற்று.

பொதுமக்கள் பங்குகொண்ட விவாதமாக இது மாறியது 1930களிலேயே. முதலாம் உலகப் போர் முடிந்த நவம்பர் 11ஆம் நாளில், போரிலே இறந்தோரை நினைவுகூரும் பொருட்டுச் செந்நிறப் பொப்பி மலர்கள் விற்கப்படுவது வழக்கமாயிருந்தது. இலங்கையில் திரட்டப்பட்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரருக்கே போனதைக் கண்டு, ஏலியன் பெரேரா என்பவர் 1931இல் அதற்கு மாற்றாகச் சூரியமல் எனப்படும் பூவரசம்பூவை விற்கத் தொடங்கினார். 1933இலிருந்து இளைஞர் அணி ஒன்று இதை ஏற்று நடத்தி, பணக் கணக்குப் பற்றிய குறையாகத் தொடங்கியதைப் போரையே எதிர்க்கும் இயக்கமாக மாற்றியது. வேலியோரத்தில் நிற்கும் பூவரசின் மஞ்சள் பூவைச் சட்டையில் குத்திக்கொள்வது, உங்கள் போரை நாங்கள் எங்கள் துக்கமாகக் கொண்டாட மாட்டோம் என்று சொல்வதற்குச் சமமாயிற்று. இந்த அணியிலிருந்துதான் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டே என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். அரசாங்க சபை என்பது டொனமூர் யாப்பின்படி 1931 முதல் இயங்கிய சட்டமன்றம். உள்நாட்டு விடயங்கள் பலவற்றை இலங்கை அமைச்சர்கள் நடத்தினாலும், பாதுகாப்பும் வெளிவிவகாரமும் அதன் கைக்கு எட்டாமல், பிரித்தானிய அதிகாரிகளின் பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தன. போரைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரமே இல்லாத ஒரு சபை போரைப் பற்றி விவாதித்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்து நடந்தவற்றைப் பார்க்க வேண்டும்.

1939 செப்டெம்பரில் போர் மூண்டபோது சபையின் பெரும்பான்மை பிரித்தானியாவுக்கு ஆதரவு தெரிவித்தது. சமசமாஜ உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பயன்படுத்திய சொல் ஏகாதிபத்தியப் போர் என்பதாகும். முதலாம் உலகப் போரின் நடுவே லெனின் வகுத்த விளக்கத்தின்படி, முதலாளித்துவம் முற்றிய நாடுகள் தம் மூலதனத்துக்குச் சந்தையும் மூலப்பொருளும் தேடி உலகைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பங்கீடு முடிந்தபின் மறுபங்கீட்டுக்காக மோதுகின்றன. ஆகவே எந்தத் தரப்பு முதலில் சுட்டது என்பதைவிட, எதைக் காக்கச் சுடுகிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வியாகும். இதை இலங்கைக்குப் பொருத்திப் பார்த்த சமசமாஜர், ஜனநாயகத்தைக் காக்கப் போரிடுவதாகச் சொல்லும் அரசு தன் குடியேற்றங்களில் ஜனநாயகத்தை ஏன் வழங்கவில்லை என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நேரான விடை சபையில் யாரிடமும் இருக்கவில்லை.

டி. பி. ஜயதிலக்கவும் டி. எஸ். சேனநாயக்காவும் தலைமை தாங்கிய அமைச்சர் குழு போரின் நோக்கத்தைப் பற்றி வாதிடுவதையே தவிர்த்தது. நாசிசம் தோற்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. அதைவிட, பிரித்தானியாவுடன் ஒத்துழைத்தால் போர் முடிந்ததும் தன்னாட்சி கிடைக்கும் என்ற கணக்கும் அவர்களிடம் இருந்தது. இந்தக் கணக்கு வீண்போகவில்லை. 1943 மே 26ஆம் நாள் பிரித்தானிய அரசு வெளியிட்ட அறிவிப்பு, போருக்குப் பின் உள்நாட்டு விவகாரங்களில் முழுப் பொறுப்பாட்சி தருவதாக வாக்களித்தது. ஆனால் அதே அறிவிப்பில் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் முடியின் வசமே இருக்கும் என்று நிபந்தனை இடப்பட்டது. பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் வரியும் உங்களுக்கு, துறை எங்களுக்கு என்பதுதான் அதன் சாரம். போரின் நோக்கம் குறித்து லண்டனிலிருந்து கிடைத்த மிக நேர்மையான வாக்குமூலமாக அந்த நிபந்தனையைக் கொள்ளலாம்.

எதிர்ப்பாளர் அணியும் பிளவுபடாமல் இருக்கவில்லை. ஸ்டாலினின் தலைமையை ஏற்றவர்கள் சமசமாஜக் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எஸ். ஏ. விக்கிரமசிங்க, பீற்றர் கெனமன் முதலியோர் 1940இல் ஐக்கிய சோஷலிசக் கட்சியைத் தொடங்கியபோது அவர்களும் போரை எதிர்க்கவே செய்தார்கள். 1941 ஜூனில் ஜேர்மனி சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுத்ததும் அவர்களுடைய பார்வை மாறியது; அதே போர் இப்போது மக்கள் போர் ஆயிற்று. மக்கள் போர் என்பது, ஏகாதிபத்தியங்களுக்கு இடையிலான சண்டையாகத் தொடங்கியது சோவியத் நுழைவால் பாசிசத்துக்கு எதிரான உலக மக்களின் போராட்டமாக மாறிவிட்டது என்ற நிலைப்பாட்டைக் குறிக்கும். திருகோணமலையில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களும் அவற்றின் கொடியும் மாறவில்லை. மொஸ்கோவின் நிலை மாறியதால் அவற்றைப் பற்றிய விளக்கம் மாறியது. அதற்காக அவர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. பாசிசம் வென்றிருந்தால் ஆசியா எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வியை இலங்கையின் இடதுசாரிகளில் அழுத்திக் கேட்டவர்கள் அவர்களே.

அரசாங்கம் அஞ்சியது சபைப் பேச்சுகளுக்கு அன்று, தேயிலைத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்களுக்கே. 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். போர்க்காலத் தேயிலை உற்பத்தி தடைப்படுவதைப் பொறுக்காத நிர்வாகம், பிரான்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த அவ்வாண்டு ஜூனில் பிலிப் குணவர்த்தனா, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மன்ட் சமரக்கொடி ஆகியோரைக் கைதுசெய்து விசாரணையின்றித் தடுத்துவைத்தது. லெஸ்லி குணவர்த்தனா தலைமறைவானார்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததோடு விவாதம் ஏட்டளவில் நின்ற காலம் முடிந்தது. பிரித்தானியாவின் கீழைக் கடற்படைக்கு எஞ்சியிருந்த பெரிய தளங்கள் கொழும்பும் திருகோணமலையும் மட்டுமே. மார்ச்சில் இலங்கையின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்ட அட்மிரல் லேட்டனுக்கு, தேசாதிபதி கல்டெகொற்றுக்கும் மேலான அதிகாரம் கொடுக்கப்பட்டது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, யப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. சமசமாஜத் தலைவர்கள் நால்வரும் சிறைக்காவலர் ஒருவரின் உதவியோடு கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பியதும் அதே நாட்களில்தான். அவர்களில் சிலர் பின்னர் கடல் கடந்து இந்தியா சென்று, ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டக் காலத்தில் அங்குள்ள தோழர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள்.

ஏப்ரல் 9ஆம் நாள் காலை திருகோணமலையின் முறை வந்தது. தாக்குதல் வரும் என்று முன்னறிந்ததால், துறையிலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை முந்திய இரவே வெளியேற்றப்பட்டிருந்தன. நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் டொக்யாட் என்று ஊர்மக்கள் சொல்லும் கடற்படைப் பட்டறையையும் சீனன்குடா விமானத்தளத்தையும் குண்டுகளால் தாக்கின. துறைக்குள் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. பர்மிய நகரம் ஒன்றின் பெயரைச் சுமந்த அந்தக் கப்பலின் உடல் பின்னர் நீரில் அமிழ்த்தப்பட்டு இறங்குதுறையாகப் பயன்பட்டது; 2018இல் இலங்கைக் கடற்படையினர் அதை மேலே கொண்டுவரும்வரை, எழுபத்தைந்து ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. எண்ணெய்க் குதங்களில் ஒன்று விமானம் மோதி அழிந்தது. முந்திய இரவு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில், சொந்த விமானம் ஒன்றும் மேலே இல்லாத நிலையில் அகப்பட்டு, முன்னூறுக்கு மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. அதற்குத் துணையாகச் சென்ற வம்பயரும், அதே கடலில் இருந்த ஹொலிஹொக்கும் தப்பவில்லை.

இந்தத் தாக்குதலுக்குப் பின் நடந்தது, நோக்கம் பற்றிய வாதத்துக்கு மேடைப்பேச்சுகளைவிட வலுவான சான்றாகும். கீழைக் கடற்படை இலங்கையை விட்டு விலகி, ஆபிரிக்கக் கரையில் கென்யாவின் கிலின்டினியைத் தளமாக்கிக்கொண்டது. 1944 தொடக்கத்தில், எதிரி வலு குன்றியபின், தாக்குதலுக்குப் புறப்படும் தளமாகத் துறை மீண்டும் தேவைப்பட்டபோதுதான் அது திரும்பி வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பிரித்தானியாவின் இலஸ்ட்ரியசும் அமெரிக்காவின் சரற்றோகாவும் இங்கிருந்து போய்ச் சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கின. ஓகஸ்டில், வலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தாங்கியிருந்த மிதக்கும் பழுதுபார்ப்புத்தளம் உடைந்து, துறைக்குள்ளேயே மூழ்கியது. பாதுகாப்பதற்காக வந்ததாகச் சொன்ன கப்பற்படை ஆபத்து உச்சத்தில் இருந்தபோது இல்லாமலும், ஆபத்து நீங்கியபின் நிறைந்தும் இருந்ததைத் துரோகம் என்று சொல்வது மிகை. படைவலு போதாத தளபதி பின்வாங்குவது போர்முறையில் தவறாகாது. ஆனால் தீவைக் காப்பதும் துறையைப் பயன்படுத்துவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதும், இரண்டாவதே முதன்மையானது என்பதும் அந்த இரண்டு ஆண்டு இடைவெளியில் வெளிப்பட்டன.

இதே கேள்வி சீருடை அணிந்தவர்களிடையிலும் எழுந்தது. 1942 மே 8ஆம் நாள் இரவு, கொக்கோஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டிருந்த இலங்கைக் காவற் பீரங்கிப் படையின் ஒரு பிரிவினர், கிரேஷன் பெர்னாண்டோவின் தலைமையில் தம் அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, தீவை யப்பானியரிடம் ஒப்படைக்க முயன்று தோற்றார்கள். அவரும் கார்லோ கோடர், பெனி டி சில்வா ஆகியோரும் ஓகஸ்டில் கொழும்பில் தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலகப் போரில் கலகக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படையினர் இம்மூவர் மட்டுமே. கட்டாய ஆட்சேர்ப்பு இல்லாத நாட்டில், தாமாகவே விரும்பிச் சேர்ந்தவர்கள் இவர்கள் என்பதால், அரசியல் துண்டுப்பிரசுரங்களை எழுதியவர்களோடு மட்டும் இந்த ஐயத்தை முடிச்சுப்போட முடியாது.

சாதாரண மக்களைப் போர் அரிசியின் வடிவில் வந்தடைந்தது. தீவுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. பர்மா விழுந்ததும் அந்த வழி அடைபட்டு, கூப்பனுக்கு அளந்து கொடுக்கும் அரிசியும் வரிசையில் நிற்பதும் வாழ்க்கையாயின. மலாயா கைவிட்டுப் போனபின் நேச நாடுகளுக்குக் கிடைத்த இயற்கை இறப்பரின் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே சென்றமையால், மரத்தின் ஆயுளைப் பாராமல் பட்டையை அளவுமீறி வெட்டிப் பால் எடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த யப்பானியச் சமாதான மாநாட்டில் ஜே. ஆர். ஜயவர்த்தன ஆற்றிய உரை, பகையைப் பகையால் தணிக்க முடியாது என்ற புத்தர் வாக்கை முன்வைத்து இழப்பீட்டைக் கைவிட்டதற்காக இன்றும் போற்றப்படுகிறது. கைவிடுமுன் அவர் எண்ணிச் சொன்ன இழப்புகளை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. யப்பானிய விமானத் தாக்குதலை ஓர் இழப்பாகக் குறிப்பிட்ட அவர், தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தின் கீழ்ப் பெரும்படைகள் தீவில் தங்கியதையும், இறப்பர் மரங்கள் அளவுமீறி வெட்டப்பட்டதையும் அதே பட்டியலில் சேர்த்தார். போரை ஆதரித்த தரப்பின் தலைவர் ஒருவர், எதிரியின் குண்டையும் நண்பனின் பாசறையையும் ஒரே கணக்கில் எழுதினார் என்பது சிறிய விடயமன்று.

சமசமாஜரின் விளக்கம் துறையைப் பொறுத்தவரை சரியாகவே அமைந்தது. ஆயினும் அவர்களுடைய வாதத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது. அவர்கள் யப்பானை வரவேற்கவில்லை. இரு தரப்பும் கொள்ளைக்காரர்களே என்றார்கள். ஆனால் கொள்ளைக்காரரிடையே வேறுபாடு உண்டா, அந்த வேறுபாடு யாருடைய உயிரில் போய் முடியும் என்ற கேள்வியை அவர்கள் கடந்து போய்விட்டார்கள். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு யப்பானியரால் கொண்டுசெல்லப்பட்டு, காலராவாலும் பட்டினியாலும் ஆயிரமாயிரமாக மாண்டார்கள். பிரித்தானியாவின் நோக்கம் தன்னலமானது என்று நிறுவிவிட்டால் மட்டும் அந்த உயிர்களுக்கு விடை சொன்னதாக ஆகாது. ஒரு போரின் நோக்கம் வேறு, அதன் விளைவு வேறு; நோக்கத்தை அம்பலப்படுத்துவதில் கூர்மையாயிருந்த இடதுசாரி எழுத்து, விளைவைக் கணக்கிடுவதில் அவ்வளவு கவனம் காட்டவில்லை.

சுதந்திரத்துக்கு மூன்று மாதங்கள் முன், 1947 நவம்பர் 11இல் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தம் பழைய நிபந்தனையைப் புதிய உடையில் தொடர்ந்தது. வெளியாக்கிரமிப்பு நேர்ந்தால் பிரித்தானியா உதவும். அதற்காகத் தளங்களையும் வசதிகளையும் இலங்கை வழங்கும். இவையெல்லாம் இரு நாடுகளின் பரஸ்பர நலனுக்கு உகந்தவாறு அமையும் என்பது அதன் உள்ளடக்கம். திருகோணமலையும் கட்டுநாயக்கவும் பிரித்தானியப் படைகளிடமே இருந்தமையால், பெற்றது போலிச் சுதந்திரம் என்று இடதுசாரிகள் சாடினார்கள். டி. எஸ். சேனநாயக்காவின் கவலை வேறாக இருந்தது. இந்துமாக்கடலைச் சுற்றி இலங்கை உட்படப் பல தளங்களை வளையமாகக் கொள்ள வேண்டும் என்று இந்திய வரலாற்றாசிரியர் கே. எம். பணிக்கர் 1945இல் எழுதியதும், அதையொத்த குரல்கள் டில்லியில் கேட்டதும், பெரிய அயலானைவிடத் தொலைவிலுள்ள பழைய எசமானே மேல் என்ற முடிவுக்கு அவரைத் தள்ளின.

அந்த ஒப்பந்தத்தின் பரஸ்பர நலன் என்ற சொற்றொடர் உண்மையில் சோதிக்கப்பட்டது 1956இல். ஏப்ரலில் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, ஜூலையில் லண்டனில் நடந்த பொதுநலவாயப் பிரதமர் மாநாட்டிலேயே தளங்களைத் திருப்பித் தருமாறு கேட்டிருந்தார். ஜூலை 26இல் எகிப்தின் தலைவர் நாசர் சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். தேயிலையை மேற்கே அனுப்பும் இலங்கைக்கு அக்கால்வாய் உயிர்நாடி என்பதால், ஓகஸ்ட் 16 முதல் 23 வரை லண்டனில் கூடிய 22 நாடுகளின் மாநாட்டுக்கு அதுவும் அழைக்கப்பட்டது. கால்வாயைப் பன்னாட்டு நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவரும் திட்டத்தை 18 நாடுகள் ஆதரிக்க, இந்தியா, இந்தோனேசியா, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றோடு இலங்கையும் எகிப்தின் இறைமையை ஏற்கும் மாற்றுத் திட்டத்தின் பக்கம் நின்றது. ஒக்டோபர் இறுதியில் இஸ்ரேலும் அதைத் தொடர்ந்து பிரித்தானியாவும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. சண்டையிடும் இரு தரப்பையும் பிரிப்பதற்காகவே தலையிடுவதாக லண்டன் சொன்ன காரணத்தைக் கொழும்பில் நம்பியவர் சிலரே. இலங்கை கண்டித்த ஒரு போரை நடத்தும் அரசின் கொடி, இலங்கையின் துறையில் பறந்துகொண்டிருந்தது. அந்நிலையில் பரஸ்பர நலன் என்பதற்கு என்ன பொருள்? தளம் என்பது கேடயம் என்று ஐக்கிய தேசியக் கட்சியினர் சொல்லிவந்ததற்கு எதிராக, எதிரியின் குண்டை அழைக்கும் இலக்கே அது என்ற வாதம் இப்போது எளிதாக எடுபட்டது. 1942 ஏப்ரலைக் கண்டவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் திருகோணமலைத் தளத்தில் பிரித்தானியக் கொடி இறக்கப்பட்டது. நவம்பர் 1இல் கட்டுநாயக்க கைமாறியது.

இந்த வரலாறு கொழும்பின் பார்வையில் இத்தோடு வெற்றியாக முடிகிறது. திருகோணமலையிலிருந்து பார்த்தால் அப்படி முடியவில்லை. லண்டன் மாநாடு நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், 1956 ஓகஸ்ட் 18, 19ஆம் நாட்களில், தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையில் கூடியது. பல ஊர்களிலிருந்து பாதயாத்திரையாக வந்தவர்கள் அங்கே திரண்டார்கள். சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிச் சில வாரங்களே ஆன நிலையில், கூட்டாட்சி, மொழிச் சமநிலை, மலையகத் தமிழரின் குடியுரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரசு நடத்தும் குடியேற்றத்தை நிறுத்துதல் ஆகியவற்றை அம்மாநாடு கோரி, ஓராண்டு அவகாசம் கொடுத்தது. லண்டனில் எகிப்தின் இறைமைக்காகப் பேசிய அரசிடம், அதே நாட்களில் அதன் சொந்தத் துறைநகரில் கூடியவர்கள் தம் நிலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்நிய ஆதிக்கத்தை அடையாளம் காண்பதில் தெளிவாயிருந்த கண்கள், வீட்டுக்குள் இருந்த ஆதிக்கத்தைக் காணத் தயங்கின.

தளம் கைமாறியபின்னும் துறையின்மீதான வெளியார் கணக்கு தீர்ந்துவிடவில்லை. 1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், இந்திய நலனுக்குப் பாதகமான இராணுவப் பயன்பாட்டுக்குத் திருகோணமலையைத் தருவதில்லை என்றும், எண்ணெய்க் குதங்களைக் கூட்டாகப் புதுப்பிப்பது என்றும் கூறின. சமாதானப்படை என்ற பெயரில் வந்த இந்தியப் படை தமிழரைக் காக்க வந்ததா, துறையைக் காக்க வந்ததா என்ற வாதம் அப்போது தமிழரிடையே எழுந்தது. அந்தப் படையின் கடைசி அணி 1990 மார்ச் 24ஆம் நாள் திருகோணமலையிலிருந்துதான் கப்பலேறியது. எஞ்சிய 99 குதங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக் கூடியவை, சீனன்குடாக் காட்டுக்குள் இன்றும் நிற்கின்றன. 2022 ஜனவரியில் அவை பங்கிடப்பட்டன: 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு.

கப்பல்கள், குதங்கள், கொடிகள் எல்லாவற்றுக்கும் ஆவணங்கள் நிறைய உண்டு. டொக்யாட்டில் வேலை செய்தவர்களைப் பற்றி நூல்கள் பேசும் இடங்கள் குறைவு. பேசும் இடங்களில் ஒன்று, 1958 இனக்கலவரத்தைப் பற்றித் தார்சி விற்றாச்சி எழுதி, லண்டனில் வெளியாகி, இலங்கையில் தடைசெய்யப்பட்ட நூல். தளம் மூடப்பட்டதால் வேலையிழந்த ஏறக்குறைய 400 தமிழ்த் தொழிலாளர்களை, பதவியாக் குடியேற்றத் திட்டத்தின் கிழக்குப் பகுதியில் காணி கொடுத்துக் குடியேற்ற அரசாங்கம் எண்ணியிருந்தது. வெள்ளைக்காரனின் தளம் போனதைக் கொண்டாடிய நாட்டில், அந்தத் தளத்தை நம்பிப் பிழைத்தவர்களுக்குக் கிடைத்திருக்கக் கூடிய ஒரே ஈடு அந்தக் காணிதான். அதற்குச் சிங்களக் குடியேற்றவாசிகளிடையே எதிர்ப்பு மூண்டது; அவர்களில் ஒரு சாரார் தாமே முன்னதாகப் போய் அந்நிலத்தில் கொட்டில் போட்டுக் குந்திக்கொண்டார்கள். குடியேற்றத்தில் யாருக்கு இடம் கொடுப்பது என்பதைப் பிரதேச சபைகளிடம் விடுவதாகச் சொன்ன பண்டாரநாயக்கா தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தம் 1958 ஏப்ரல் 9ஆம் நாள், யப்பானியர் குண்டு போட்டதிலிருந்து சரியாகப் பதினாறு ஆண்டுகள் கழித்து, கைவிடப்பட்டது. மே 22ஆம் நாளளவில் பொலன்னறுவையில் இரயிலில் வந்த தமிழர்களைத் தேடித் தாக்குவதோடு தொடங்கியது அந்தக் கலவரம். டொக்யாட் தொழிலாளருக்கென்று குறித்து வைத்த பதவியாக் காணியில் அவர்கள் குடியேறவேயில்லை.